ஊசி இல்லாத வில்லை

பதினோரு வருடமாக வெர்னி ரெஹரின் முதுகில் காகிதப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே முதுகில்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாறுவேடத் திருவிழா நடக்கும் மூன்று நாளும், திருவிழாச் செலவுக்காக விற்கிற அந்த வருடத்து உலோக வில்லையைக் கோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். குத்தாமல் திரிகிறவனின் காலருக்குள் யார் வேண்டுமானாலும் ஒரு பிடி ரேப்லியைத் திணிக்கலாம். ரேப்லி என்பது மிளகு அகலத்துக்கு வெட்டிய காகிதப் பொட்டு. தெருவில் போகிற முகமூடிக்காரன் யாராவது திணித்திருந்தால் வெர்னி பொறுத்துக்கொண்டிருப்பான். அவனுக்குத் திணித்தவளோ அவன் வேலை செய்யும் அதே கட்டடத்தில், அதே மாடியில், நாலு கதவு தள்ளி இருந்த லிஸ்பெத் சூடின். வருடம் தவறாமல், திங்கட்கிழமை மதியம், அவனுடைய இரண்டு கையும் சோப்பு நுரைக்குள் இருக்கிற நேரம் பார்த்து வருவாள்.

"வில்லை எங்க வெர்னி?"

"வாங்கல."

"அப்ப குனி."

ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் மஞ்சள். எப்போதும் ஒரே நிறம்தான். நிறம் கலந்திருந்தால் அது தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளியது என்று அர்த்தம், அதை ஒருவன்மேல் போடுவது கேவலம். அந்த மரியாதையை மட்டும் அவள் குறைத்ததில்லை. வெர்னிக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை. ஜூன் மாதம் ஆற்றில் குளிக்கும்போதுகூட இடுப்பு வாரில் இரண்டு பொட்டு இருக்கும்.

போய் ஒரு வில்லை வாங்கித் தொலைத்தால் என்ன? செம்பு, வெள்ளி, தங்கம் என்று வருகிற வகைகளில் செம்பு வில்லை ஒன்றும் சொத்து விலை இல்லை. ஆனால் வெர்னி நாட்டுப்புறத்தான், ஸீஃபன் ஊர்க்காரன். பாசல் நகரமும் அதைச் சுற்றிய நாட்டுப்புறமும் சண்டை போட்டு இரண்டாகப் பிரிந்து நூற்றுத் தொண்ணூறு வருடம் ஆகிறது. அந்தச் சண்டை வெர்னிக்கு இன்னும் முடியவில்லை. "உங்க ஊர்த் திருவிழாவுக்கு நான் ஏன் வரி கட்டணும்?" என்பான். அவன் சொல்கிற ஒரே அரசியல் அதுதான்.

அந்த மாடி ஓர் ஆய்வுக்கூடம். அதில் அவன் வேலை கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது. அவள் வேலை என்ன என்று கேட்டால் ஊரில் பலருக்குச் சொல்ல வராது. வெர்னிக்கு வரும். இத்தனை வருடம் அவளுடைய பாத்திரங்களைக் கழுவியதில் தெரிந்துகொண்டது.

நுண்ணுயிரிகளுக்குச் சோறு போட்டு வளர்த்து, அவற்றிடமிருந்து ஒரு புரதத்தை எடுப்பார்கள். அந்தப் புரதத்தின் நடுவில் ஒரு குழி இருக்கும். குழிக்குள் ஓர் உலோகத்தை உட்கார வைக்க வேண்டும். சரியான உலோகம் சரியான குழியில் உட்கார்ந்தால், பூமியில் எந்தப் புல் பூண்டும் செய்யாத ஒரு வேலையை அந்தப் புரதம் செய்யும். இவர்கள் கேட்ட வேலை கரியையும் மணலில் இருக்கிற சிலிக்கனையும் ஒட்டுவது. உயிர்கள் எல்லாம் கரியால் ஆனவை, மணல்மேல்தான் படுத்துக் கிடக்கின்றன, ஆனாலும் இத்தனை கோடி வருடத்தில் ஒன்றுகூட இரண்டையும் ஒட்ட நினைக்கவில்லை. பேராசிரியர் ஹோட்ஸ் நினைத்தார். அவர் சூரிச்காரர்.

குழியின் வடிவத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி மாற்றி வளர்த்துப் பார்ப்பது லிஸ்பெத்தின் வேலை. பதினாறு வயதில் ஒரு சாயப் பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் தொழில் பழகப் போனவள், இங்கே வந்து முப்பது வருடம். அப்பா டிராம் ஓட்டியவர். அதனால் அவள் எந்தப் புரதத்தையும் பேராசிரியர் வைத்த எழுத்தும் எண்ணுமான பெயரால் கூப்பிடமாட்டாள். டிராம் நிறுத்தத்தின் பெயர்தான். "கிளாராபிளாட்ஸ் செத்துப்போச்சு. மார்க்ட்பிளாட்ஸ் திரிஞ்சுபோச்சு. ஷிஃப்லேண்டே மட்டும் கொஞ்சம் மூச்சு விடுது" என்று அவள் காலையில் சொல்வதைக் கேட்ட புது மாணவன் ஒருவன், நகரத்தில் ஏதோ விபத்து என்று வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டான்.

வேலை நடந்ததா என்று சொல்வது ஓர் இயந்திரம். நடந்திருந்தால் திரையில் கோடு மலைபோல எழும். நடக்காவிட்டால் தட்டையாகக் கிடக்கும். தட்டைக் கோட்டுக்கு லிஸ்பெத் வைத்த பெயர், மலையே இல்லாத நாடான ஹாலந்து. பதினோரு வருடமாக அவள் வெர்னியின் கழுவும் அறைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "இன்னிக்கும் ஹாலந்து."

ஏப்ரல் முப்பதாம் தேதி அவளுக்கு ஓய்வு. அதற்கு ஏழு வாரம் முன்னால், திருவிழா முடிந்த வியாழக்கிழமை, இயந்திரத்தில் மலை எழுந்தது.

எழுந்த மலை சின்னது இல்லை. திரையின் மேல் ஓரத்தைத் தொட்டது. மலையைக் கொடுத்த புரதத்தின் பெயர் எக்லிசே. லிஸ்பெத் திங்கள் மதியம் ஊர்வலத்திலிருந்து நேராக வந்து, கிழட்டு அத்தை வேடத்தைக்கூடக் கழற்றாமல், குடுவையில் புரதக் கரைசலை ஊற்றி, பேராசிரியருக்குப் பிடித்த இரிடிய உலோகத்தைப் போட்டு, ஆட்டும் இயந்திரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெளிச்சம் படக் கூடாது என்று குடுவையை அலுமினியத் தாளால் சுற்றியிருந்தாள். வியாழன் காலை மேலாக உறிஞ்சியெடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தாள். மிச்சத்தோடு குடுவை வெர்னியிடம் வந்தது.

வெர்னி தாளைப் பிரித்துக் குடுவையைக் கவிழ்த்தான். டிங் என்று தொட்டியில் ஒன்று விழுந்தது. அந்த வருடத்துச் செம்பு வில்லை. முகப்பு பளபளவென்று அப்படியே இருந்தது. பின்னால் ஊசியைக் காணோம். ஊசி இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு மொட்டை முனை. குடுவைமேல் குனிந்தபோது லிஸ்பெத்தின் அங்கியிலிருந்து விழுந்திருக்கிறது.

அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கையைத் துடைத்தான். அதற்குள் அவளே கதவில் வந்து நின்றாள்.

"வெர்னி, என் வில்லையப் பாத்தியா? திங்கக்கெழம தெருவுல எங்கயோ தொலைச்சுட்டேன்யா. செவ்வாயும் புதனும் எங்க மேளக் குழு ஆளுங்களே என் கழுத்துக்குள்ள ரேப்லி போட்டானுங்க. அறுபத்தி நாலு வயசு பொம்பளைக்கு! பிக்கோலோக் குழல் ஊதிக்கிட்டு இருக்கேன், முதுகுல ஒரே அரிப்பு!"

வெர்னியின் மனசுக்குள் பதினோரு வருடத்து ரேப்லியும் ஒன்றாக எழுந்து ஆடியது.

"பாக்கல" என்றான்.

வில்லை அவனுடைய மேசை இழுப்பறைக்குள், சாண்ட்விச் சுற்றும் தாளுக்கு அடியில் போயிற்று. அவ்வளவுதான் அவன் செய்தது. அதில் வேதியியல் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பேராசிரியர் ஹோட்ஸ் மலையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டே நடந்தார். பிறகு லிஸ்பெத்தைக் கூப்பிட்டார்.

"சூடின் அம்மா, மூணு தடவ திரும்ப வரணும். வந்துட்டா கட்டுரையில எக்லிசேன்னே போடறேன். உங்க பேரும் முதல் வரியிலயே இருக்கும்."

"வரலன்னா?"

"வரலன்னா அது நடக்கலன்னு அர்த்தம்."

முதல் தடவை ஹாலந்து. இரண்டாவது தடவை ஹாலந்து. புதுப் புரதம், புது இரிடியம், புதுக் குடுவை, எல்லாம் ஹாலந்து. மூன்றாவது வாரம் ஹோட்ஸ் கரும்பலகையில் எழுதினார்: அந்தத் திங்கட்கிழமை என்னென்ன இருந்ததோ அத்தனையும் திரும்ப இருக்க வேண்டும், ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். பாசல்காரர் ஒருவர் பேராசிரியராக இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். சூரிச்காரருக்குத் திருவிழாத் திங்களில் என்னென்ன இருக்கும் என்பது தெரியாது.

"அன்னிக்கு என்ன உடுத்தியிருந்தீங்க?"

"கிழட்டு அத்தை வேசம். தொப்பி, தொப்பியில எலுமிச்சம்பழம், லேஸ் கையுறை."

"போட்டுக்கிட்டு வாங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"வறுத்த மாவு சூப்பு. வெங்காய அப்பம் ரெண்டு துண்டு."

"மூச்சுக் காத்துல போயிருக்கலாம். சாப்பிட்டுட்டு வாங்க. சத்தம்?"

"மறந்துபோச்சு. ஆங், குடுவைய வெச்சுட்டு ஒரு பாட்டு ஊதிப் பாத்தேன்."

"அதிர்வு!" என்று ஹோட்ஸ் பலகையில் எழுதி இரண்டு கோடு போட்டார்.

இப்படியாக மார்ச் மாதக் கடைசியில், ஊரெல்லாம் ஈஸ்டர் முயல் விற்றுக்கொண்டிருந்தபோது, நாலாவது மாடியில் ஒரு கிழட்டு அத்தை எலுமிச்சம்பழத் தொப்பியோடு குடுவைகளுக்கு முன்னால் நின்று பிக்கோலோ ஊதினாள். ஆறு குடுவைக்கு ஊதினாள், ஆறுக்கு ஊதவில்லை. மாணவன் ஒருவன் கட்டம் போட்டு எழுதினான்: சூப் உண்டு, இசை உண்டு, சூப் உண்டு, இசை இல்லை, சூப் இல்லை, இசை உண்டு. ஊதாத ஆறு குடுவைக்கும் அதே தூரத்தில் வாயைக் குவித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்றார் ஹோட்ஸ். அது நியாயமாம். பன்னிரண்டும் ஹாலந்து.

ஒரு மதியம் அத்தை வேடம் கழுவுமறைக் கதவில் வந்து நின்றது. பின்னால் ஹோட்ஸ், கையில் ஒரு காகிதப் பை.

"வெர்னி, ஒரு உதவி" என்றார் ஹோட்ஸ், கண்ணைப் பார்க்காமல். "அன்னிக்கு இவங்க உங்க சட்டைக்குள்ள ஏதோ போட்டாங்களாமே."

"போட்டா."

"அதோட தூசு கையில இருந்திருக்கலாம். திரும்பச் செய்யணும்."

"ஏப்ரல் மாசத்துலயா?"

"விஞ்ஞானத்துக்காக."

லிஸ்பெத் பையைப் பிரித்தாள். சிவப்பு. "மூணு தடவ போடணுமாம் வெர்னி. புள்ளிவிவரத்துக்கு."

"போட்டுட்டு மூணு தடவ போடாமயும் இருக்கணுமே?"

"ஆமா. அப்ப சும்மா குனிஞ்சா போதும்."

குனிந்தான். ரேப்லி உள்ளே இறங்கியது. அவன் முகத்துக்கு நேரே, அரை மீட்டர் தூரத்தில், இழுப்பறையின் கைப்பிடி இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு இருந்தது எல்லாம் திரும்ப வருகிறது, சூப்பு வருகிறது, எலுமிச்சம்பழம் வருகிறது, என் முதுகுகூட வருகிறது. ஒன்று மட்டும் வரவில்லை. அது இந்த இழுப்பறைக்குள் இருக்கிறது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு மாதமாக ஏன் மறைத்தாய் என்பார்கள். நாலு நாள் தள்ளிப்போட்டான். 

ஐந்தாம் நாள் லிஸ்பெத் வந்தாள். வேடம் இல்லை. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஹாலந்து என்றுகூடச் சொல்லவில்லை. வெர்னி ஒரு குடுவையை மூன்று தடவை கழுவினான்.

"எழுதிட்டாரு" என்றாள் கடைசியில்.

"என்னத்த?"

"எக்லிசேல வந்த மலை இயக்கியவரோட தவறுன்னு. இயக்கியவர்னா நான். அன்னிக்குச் சரக்கடிச்சிருந்தேனான்னு வேற மரியாதையாக் கேட்டாரு." அவள் கையுறையைக் கழற்றிச் சுருட்டினாள். "முப்பது வருசமா தப்பில்லாம ஹாலந்து எடுத்தேன் வெர்னி. யாரும் பேரு போடல, போட வேண்டாம். ஒரே ஒரு தடவ மலை வந்துச்சு. இப்ப ஊருக்கெல்லாம் அச்சடிச்சுச் சொல்லப் போறாங்க, அந்தக் கிழவி குழப்பிட்டான்னு. அதோடதான் நான் வெளிய போகணும்."

வெர்னி ஈரக் கையோடு இழுப்பறையை இழுத்தான். சாண்ட்விச் தாளைத் தூக்கினான். வில்லையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

அவள் முகப்பைப் பார்த்தாள். சின்னப் பொறிப்பில் மூன்று பேர் மேளம் அடித்தார்கள். "இது என்னுதா?"

"உன்னுதுதான். குடுவைக்குள்ள கெடந்துச்சு."

"எந்தக் குடுவை?"

"எக்லிசே."

அவள் மறுபடி முகப்பைக் குனிந்து பார்த்தாள்.

"முன்னால பாக்காத" என்றான் வெர்னி. "திருப்பு."

அவள் திருப்பினாள். இரண்டு மொட்டை முனையையும் விரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"ஊசியத் தின்னுருக்கு" என்றாள் மெல்ல.

"ஆமா."

"இரிடியத்த இல்ல. அந்த ஆளோட தங்க விலை இரிடியத்தத் தொடவே இல்ல. என் வில்லையோட ஊசியத் தின்னுருக்கு!" எழுந்தாள். பிறகுதான் கணக்கு ஞாபகம் வந்தது. "யோவ். நீ இத எப்ப எடுத்த?"

"அந்த வியாழக்கெழம."

"அஞ்சு வாரம்! அஞ்சு வாரமா நான் எலுமிச்சம்பழத்த மாட்டிக்கிட்டு ஊதாத பாட்டுக்கு வாயக் குவிச்சுக்கிட்டு நிக்கறேன், நீ இதுமேல சாண்ட்விச் வெச்சுத் தின்னுருக்க!"

"பதினோரு வருசம் என் கழுத்துல போட்டியே."

"அதுக்கு இதுவாடா? நாட்டுப்புறத்து எருமை! உன்னையெல்லாம் பிரிச்சு விட்டது நல்லதுக்குத்தான்யா!"

"நாங்கதான் உங்களப் பிரிச்சு விட்டோம்."

அவள் கையில் கிடைத்த குடுவைத் தூரிகையால் அவனை அடித்தாள். இரண்டாவது அடியில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மூன்றாவது அடி சிரித்துக்கொண்டே விழுந்தது, ஆனாலும் அதுதான் வலித்தது.

பேராசிரியரிடம் போகும்போது அவள் சொன்னது வேறு. "சாக்கடை வடிகட்டியில கெடந்துச்சு. வெர்னிதான் கைய விட்டு எடுத்தான்." கேட்டுக்கொண்டிருந்த வெர்னிக்குக் காது சுட்டது.

ஊசியின் மொட்டை முனையைச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே எஃகு, மேலே நிக்கல் பூச்சு, பூச்சில் கலப்படமாகக் கொஞ்சம் கோபால்ட். குழிக்குள் உட்கார்ந்தது கோபால்ட். ஹோட்ஸ் உடனே அலமாரியிலிருந்து கோபால்ட் உப்புப் பாட்டிலை எடுத்து ஊற்றினார். புரதம் எலுமிச்சை பிழிந்த பாலாகத் திரிந்துபோனது. பாதி ஊற்றினார், திரிந்தது. துளித்துளியாக விட்டார், அப்போதும் திரிந்தது. ஊசி என்றால் மூன்று நாள் மெதுவாகத் துருப்பிடித்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் கோபால்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பொறுமை எந்த மாணவனுக்கும் இல்லை.

"அதே வில்லைதான் வேணும்" என்றார் ஹோட்ஸ், தலையைப் பிடித்துக்கொண்டு. "அதே வருசம். செம்பு. எத்தனை குடுவை வெப்போம்?"

"நாப்பது" என்றாள் லிஸ்பெத்.

"யாரு போய் வாங்கறது? நான் போனா சிரிப்பாங்க."

லிஸ்பெத் திரும்பினாள். பார்வை கழுவுமறைப் பக்கம் போயிற்று.

அவளுடைய மேளக் குழுவின் நிலவறையில் விற்காத வில்லைகள் ஒரு சுருட்டுப் பெட்டியில் கிடந்தன. அதைக் காவல் காத்தவர் ஃப்ரிட்லி என்ற கிழவர். நாலு வருடம் முன்னால் தெருவில் வெர்னியிடம் வில்லை விற்கப் பார்த்து, நாட்டுப்புறத்து வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். மறக்கிற ஆள் இல்லை.

"என்ன வேணும்?"

"வில்லை."

"திருவிழா போய் ஆறு வாரம் ஆச்சு தம்பி."

"தெரியும்."

"ஒண்ணு போதுமா?" என்றார் கிழவர், இனிமையாக.

"நாப்பது."

ஃப்ரிட்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "பாவத்துக்கெல்லாம் சேத்துக் கட்டறியா?"

"ஊசிக்கு வேணும். முகப்பு வேண்டாம்."

"முகப்பு வேண்டாமா! எங்க ஆளு மூணு மாசம் ஒக்காந்து வரைஞ்சது, அது வேண்டாம், ஊசி வேணுமாம். குண்டூசி கடையில கெடைக்காதா ஸீஃபன்ல?"

வெர்னி பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். அவன் வாழ்க்கையில் ஒரு நகரத்தான் பேசும்போது பதில் சொல்லாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான். கிழவர் நாற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "நல்ல திருவிழா" என்று வாழ்த்திக் கொடுத்தார்.

நாற்பது குடுவையில் நாற்பது வில்லை. எக்லிசேயில் முதல் மலை எழுந்தபோது லிஸ்பெத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதுக்கு ஹோட்ஸ் கத்தினார். மூன்றாவது எழுந்தபோது, பிறகு நாலு, ஐந்து என்று வரிசையாக எழுந்தபோது, மாணவன் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போனான். கழுவுமறைக் கதவில் எட்டிப் பார்த்து லிஸ்பெத் "ஹாலந்து முங்கிப்போச்சு வெர்னி" என்றாள். அவ்வளவுதான்.

கட்டுரையின் முதல் வரியில் அவள் பெயரும், எக்லிசே என்ற பெயரும் ஏறின. உலோகம் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் ஹோட்ஸ் இரண்டு நாள் திணறினார். 'பண்டிகைப் பயன்பாட்டு ஊசி, செம்பு வகை' என்று எழுதினார். பல மாதம் கழித்து அதைப் படித்த வெளிநாட்டு நடுவர் ஒருவர் தங்க வகையிலும் செய்து பார்த்தீர்களா என்று கேட்டு எழுதினார்.

ஏப்ரல் முப்பது. மதியம் கேக் வெட்டினார்கள், ஹோட்ஸ் பேசினார், மாணவர்கள் கை தட்டினார்கள். ஐந்து மணிக்கு லிஸ்பெத் கோட்டு போட்டுக்கொண்டு கழுவுமறைக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் வில்லைகள், முகப்பு பளபளக்க, பின்னால் மொட்டையாக.

"குப்பைத் தொட்டியில உலோகம்னு எழுதினதுல போடச் சொல்றாரு. மேளக்காரன் மூஞ்சியக் குப்பையில போடுவனா நான்?" தட்டை அவன் மேசையில் வைத்தாள். "உங்கிட்ட பத்தவைக்கிற கம்பி இருக்குல்ல? எல்லாத்துக்கும் ஊசி வெச்சுக் குடு வெர்னி. ஃப்ரிட்லிகிட்டயே திருப்பிக் குடுத்துடறேன், அந்தாளு இன்னும் பொலம்பறான்."

வெர்னி தட்டைப் பார்த்தான். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினான்.

"நாப்பத்தி ஒண்ணு இருக்கு."

"எண்ணத் தெரியுதே. ஒண்ணு என் பழசு. அத ஃப்ரிட்லிக்குக் குடுக்காத, நீ குத்திக்க."

"நான் நாட்டுப்புறத்தான்."

"அதனாலதான் சொல்றேன். நான் போயிட்டா உன் கழுத்துல போட இங்க யாரு இருக்கா? நல்ல நிறமாப் பாத்து வாங்கக்கூட இவனுங்களுக்குத் தெரியாது, கலந்து கட்டிப் போட்டுருவானுங்க." கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். "ஊசி எதுல வேணா வை. கோபால்ட் மட்டும் வேண்டாம், இதுவும் கரைஞ்சு விழுந்துரும். நீ கைய எப்பவும் தண்ணியிலயே வெச்சிருக்கற ஆளு."